பழைய ஆரஞ்சு

எங்கள் தெருமுனையில் இருக்கும் நூலகத்துக்குள் போனால் எனக்குக் கொட்டாவிதான் வரும். படிக்கப் பிடிக்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்துவிட்டுத்தான் தையல் மெஷினில் உட்காருகிறவள் நான். குற்றம் என்னுடையது இல்லை, அந்தச் சுவர்களுடையது. பாசி பிடித்த தொட்டிக்குள் இறங்கியது மாதிரி ஒரு பச்சை. அதற்குக் கீழே இடுப்பளவுக்கு ஒரு சாம்பல் பட்டை. அலமாரிகளுக்கு, உயிரில்லாத ஒரு வெள்ளை. மழைக்கு ஒதுங்குகிறவர்கள்கூட மழை விடுவதற்குள் வெளியே போய் நனைந்துகொண்டு நிற்பார்கள். நூலகர் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

அந்த இடத்தைப் புதுப்பிக்க ஓர் அம்மாவை அனுப்பிவைத்தார்கள். ஒரு கட்டடத்துக்குள் எந்தச் சுவருக்கு எந்த நிறம், எந்த மூலையில் எந்த நாற்காலி என்று முடிவு செய்வதுதான் அவர் தொழில். பேர் என்னவோ நீளமாக இருந்தது. நாங்கள் கலரம்மா என்று வைத்துக்கொண்டோம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷி. கூலிக்கு வந்தவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பிள்ளைகள் அறையில் தரையோடு தரையாக உட்கார்ந்து படிக்க மெத்தை உறை தைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

பெயிண்ட் வேலை, என் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைத்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் மெல்லிசு. அவன் வீட்டில் தும்மினால் நான் இங்கே முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் அவனுக்குப் பேர் ரெண்டு கோட்டு. எதைக் கேட்டாலும் "ரெண்டு கோட்டு அடிச்சா சரியாப் போயிடும்" என்பான். ஒழுகுகிற கூரையானாலும் சரி, பெண்டாட்டியின் கோபமானாலும் சரி, அதே பதில்தான். அவன் மனைவி அவனோடுதான் வேலைக்குப் போவாள். அவன் சுரண்டுவான், அடிப்பான். அவள் பட்டி பார்ப்பாள், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். எனக்குத் தங்கை மாதிரி. அவர்களுக்கு ஒரே பெண். இரண்டு வயது முடிந்திருந்தது. அவளுக்கு நான் வைத்த பேர் வாயாடி.

வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால், தூங்கும்போதுதான் ஓய்வாள். என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். கத்தரிக்கோலைக் காட்டி "இது யாரு?" என்பாள். நூல்கண்டைக் காட்டி "இது யாரு?" என்பாள். வெயிலைக் காட்டியும் அதே கேள்வி. உலகத்தில் இருக்கிற எல்லாமே அவளுக்கு ஆள்தான். நானும் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறவு சொல்வேன். கத்தரிக்கோல் சித்தப்பா, நூல்கண்டு அத்தை என்று. அவ்வளவையும் ஞாபகம் வைத்திருந்து மறுநாள் என்னையே மடக்குவாள்.

கலரம்மா முதல் நாள் எங்கள் எல்லோரையும் நடுக்கூடத்தில் நிற்க வைத்துச் சொன்னார். "நுழைஞ்சதும் மஞ்சள். வெளிர் மஞ்சள் இல்ல, அரைச்சு வெச்ச மஞ்சள். படிக்கிற ஹாலுக்குச் செங்கல் சிவப்பு. பசங்க ரூமுக்கு ஆரஞ்சு. பயப்படாம அடிங்க."

"ஏம்மா, இது லைப்ரரியா, மிட்டாய்க் கடையா?" என்றான் ரெண்டு கோட்டு.

"மிட்டாய்க் கடைன்னா உள்ள வருவீங்கல்ல? அப்ப மிட்டாய்க் கடைன்னே வெச்சுக்குங்க."

"அதுக்கில்லம்மா. படிக்கிற இடம் சாந்தமா இருக்கணும்னு..."

"சாந்தமா இருந்துதான் இத்தனை வருஷமா ஒருத்தரும் வரல. இந்தப் பச்சை ஆளைத் தள்ளி நிறுத்துது. சிவப்பும் மஞ்சளும் அப்படியில்ல. வா, உக்காருன்னு சொல்லும்."

"எங்க வீட்ல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லம்மா. சுவராவது சொல்லட்டும்."

அவன் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். கலரம்மா உட்பட எல்லோரும் சிரித்தோம்.

மூன்று நிறத்தையும் சுவரில் ஜன்னல் அகலத்துக்கு அடித்துப் பார்க்கச் சொன்னார். பிற்பகல் வெயில் அதன் மேல் விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்த ரெண்டு கோட்டு, சாப்பாட்டுத் தட்டோடு என் வாசலில் வந்து நின்றான். "அக்கா, இத்தனை வருஷமா சந்தன கலரையும் வெள்ளையையும் அடிச்சே கையைக் கெடுத்துக்கிட்டேன்க்கா. இன்னிக்குத்தான் பெயிண்டரா இருக்கிற மாதிரி இருக்கு" என்றான். வாயில் சோறு இருந்தது. கண் ஏனோ கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மெத்தைக்கு அளவு எடுக்க நான் நாடாவோடு போனேன். ரெண்டு கோட்டு பிள்ளைகள் அறையில் அலமாரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பழங்காலத்துக் கனமான மர அலமாரிகள். மேலே இருந்த வெள்ளை சுருள் சுருளாக வந்தது. அதன் கீழே ஒரு சாம்பல், அதற்கும் கீழே ஒரு பச்சை. பச்சையும் உரிந்த இடத்தில் ஓர் ஆரஞ்சு தெரிந்தது. அந்த மாதிரி ஒரு நிறத்தை நான் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை. அடுப்பில் கனிந்த கரியை ஊதினால் வருமே, அது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கலரம்மா ஓடி வந்தார். விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி அந்த இடத்தைத் தேய்த்தார். நிறம் இன்னும் பளிச்சென்று ஏறியது. "இதை எத்தனை டப்பாவுல தேடியிருக்கேன் தெரியுமா? இந்தக் காலத்துல யாரும் இப்படிக் கலக்கிறதில்ல. அண்ணே, இதுக்கு மேல இருக்கிறதை மட்டும் எடுத்துடுங்க. இதுமேல கை வெக்காதீங்க."

"எடுத்துட்டு, மேல வார்னிஷ்?"

"வேணாம், வேணாம். பளபளன்னு ஆயிடும். லேசா மெழுகு தேய்ச்சு விட்டாப் போதும். பசங்க தொட்டா மரம் தொட்ட மாதிரி இருக்கணும்."

"ரிமூவர் தடவினா சட்டுனு வந்துரும்மா."

"அது அடியில இருக்கிறதையும் சேர்த்துத் தின்னுடாதா?"

ரெண்டு கோட்டு யோசித்துத் தலையை ஆட்டினான். "தின்னுடும்தான். அப்ப கைவேலைதான். உப்புத்தாள்தான். அதுக்கு நான் லாயக்கில்ல, இவதான்."

கலரம்மா அவன் மனைவியின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்த ரூம் உங்களோடது" என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இது உன் வேலை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் எப்போதும் பெயிண்டரோடு வருகிற பொம்பளை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அவள் அந்த அறையிலேயே கிடந்தாள். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொள்வாள். மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி, முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைசானது என்று தேய்ப்பாள். பச்சை போய் ஆரஞ்சு எட்டிப் பார்த்ததும் கை மெதுவாகிவிடும். அதற்குமேல் விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, வாயால் ஊதி, மறுபடியும் தேய்ப்பாள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் மரம் ஊதிப்போகும் என்று காயவைத்துத்தான் தேய்த்தாள். தூசி என்றால் முகப்பவுடர் மாதிரி மெல்லிய தூசி. இமை முடியில் எல்லாம் ஆரஞ்சாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்கச் சாரல். புத்தகங்களை எல்லாம் நடுக்கூடத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஈரக்காற்று பட்டால் புத்தகம் பூத்துப்போகும் என்று நூலகர் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டார். மின்விசிறி போட்டால் பக்கத்து அறை ஈரச் சுவரில் தூசி போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் கிடையாது. அந்தப் புழுக்கத்திலேயே வேலை, அங்கேயே சாப்பாடு. பருப்புச் சோறும் அவித்த முட்டையும் தூக்கில் கொண்டுபோவார்கள். ஒரு நாள் மெத்தை உறையை வைத்துப் பார்க்கப் போனபோது நான்தான் கத்தினேன்.

"கையைக் கழுவிட்டுத் தின்னா குறைஞ்சா போயிடுவ?"

"கழுவினா மட்டும் பெயிண்டுக்காரன் கை வெளுத்துடுமாக்கா?" என்றான் அவன், முட்டையை உப்பில் தொட்டுக்கொண்டே. "எங்க அப்பா பெயிண்டோடதான் தின்னாரு. செத்தது எழுபது வயசுல."

வாயாடியைப் பகலில் காப்பகத்தில் விடுவார்கள். மூன்றாவது தெருவில் இருக்கிறது. அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவள், அம்மா சீக்கிரமே போய் இருட்டுகிற நேரத்தில் வர ஆரம்பித்ததும் அழத் தொடங்கிவிட்டாள். மத்தியானம் தூங்க மாட்டேன் என்று உருண்டு புரள்கிறாள் என்றார்கள். அங்கே இருக்கிற ஆயா யோசனை சொல்லியிருக்கிறாள், உன் வாசனை இருக்கிற துணி ஏதாவது கொடுத்துவிட்டுப் போ, அதைக் கட்டிக்கொண்டு தூங்குவாள் என்று. எங்கேயும் சொல்கிற யோசனைதான் அது. முதல் நாள் இவள் துவைத்து மடித்த ஓர் உடுப்பைக் கொடுத்தாள். பிள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு வீசி எறிந்ததாம். மறுநாள் முந்தின நாள் போட்டிருந்த வேலைச் சட்டையைக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு, காலரை வாயில் வைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிவிட்டாள்.

அதிலிருந்து இரண்டு சட்டைகள் மாறி மாறிப் போயின. ஒன்று அவள் மேல், ஒன்று பிள்ளையிடம்.

கொடியில் சட்டையை உதறிக்கொண்டிருந்தவளிடம் நானே கேட்டேன். "அழுக்குச் சட்டையை ஏன்டி அப்படியே குடுத்தனுப்புற? அலசியாவது குடு."

"அலசினா என் வாசனை போயிடுதுக்கா. கண்டுபிடிச்சிடறா கழுதை. ஆயாவே சொல்லுது, சர்க்கரை தடவின மாதிரி சப்புறாளாம்."

அம்மா மேல் அவ்வளவு ஆசை என்று இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முகத்தில் அந்தப் பெருமை அப்பட்டமாகத் தெரிந்தது.

வேலை முடிந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஒரு மாலை மழை விட்டு வெயில் வந்தபோது எங்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார் கலரம்மா. பொய் சொல்ல மாட்டேன், அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மஞ்சளைத் தாண்டிச் சிவப்பு, சிவப்பைத் தாண்டி அந்தப் பிள்ளைகள் அறை. சுவரின் ஆரஞ்சு புதுசு, அலமாரியின் ஆரஞ்சு பழசு. அந்தப் பழசுக்குப் பக்கத்தில் புதுசு சோகை பிடித்தது மாதிரி இருந்தது. நூலகர் முதல் தடவையாக நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். கலரம்மா, இனிமேல் தான் எடுக்கிற எல்லாக் கட்டடத்துக்கும் ரெண்டு கோட்டுதான் பெயிண்டர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பிள்ளையிடம் வந்த மாற்றத்தை முதலில் நாங்கள் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. வயிறு கட்டிக்கொண்டது. வாழைப்பழம் கொடுத்தோம், வெந்நீர் கொடுத்தோம். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். பல் முளைக்கிறது என்றான் அப்பன். அப்பனுக்கே வயிற்றைச் சுருட்டிப் பிடித்து இழுத்தது. வாயுத் தொல்லை என்று சோடா குடித்தான். டீக் குவளை இரண்டு தடவை அவன் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அம்மாக்காரிக்கு ஓயாமல் தலைவலி. வாயெல்லாம் இரும்பைச் சப்பினது மாதிரி இருக்கிறது என்றாள். மழைக்காலம், யாருக்குத்தான் உடம்பு சரியாக இருந்தது?

ஒரு நாள் வாயாடி என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

"இது யாருடி?" என்று நானே கேட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி. பேச்சு ஒரே நாளில் போகவில்லை. கேள்விகள் போய், பேர்கள் போய், கடைசியில் மிச்சமிருந்த ஒரே 'ம்மா'வும் போனபோதுதான் இவ்வளவு நாளாக வீடு அமைதியாக இருக்கிறது என்பதே எங்களுக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலையில் டீயில் ரொட்டியை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளைக்குக் கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாக்காரி போட்ட சத்தத்தில் நான் ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டேன். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். ராத்திரி முழுக்கக் கண் விழித்த முகம். இழுப்பை நிறுத்தி, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னாள். அப்புறம் அப்பனைப் பார்த்து, "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்றாள்.

"பெயிண்டர்ங்க."

"பல்லைக் காட்டுங்க."

அவன் ஒன்றும் புரியாமல் ஈறைக் காட்டினான். பல்லுக்கு மேலே ஈறு ஓரமாக மையால் கோடு இழுத்தது மாதிரி நீலமாக ஒரு வரி இருந்தது. அம்மாவுக்கும் லேசாக இருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பழைய பெயிண்ட் எதாவது சுரண்டினீங்களா, சமீபத்துல?"

"லைப்ரரியில... அலமாரி."

"என்ன கலர்?"

"ஆரஞ்சு" என்றாள் அம்மாக்காரி. அந்தச் சமயத்திலும் அவள் குரலில் அந்த வேலையின் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. "நல்ல ஆரஞ்சுங்க. இப்பெல்லாம் அப்படி வர்றதில்ல."

"வராது. அந்தக் காலத்துல சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுக்கெல்லாம் காரீயம் கலப்பாங்க. அதுதான் அவ்வளவு பளிச்சுன்னு இருக்கும். உங்க மூணு பேர் உடம்புலயும் அது ஏறியிருக்கு. பிள்ளைக்குத்தான் ரொம்ப அதிகமா இருக்கும்னு நினைக்கிறேன். அவ எப்படி அதைத் தின்னா? வேலை செய்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"இல்லீங்க. காப்பகத்துலதான் இருப்பா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். பிள்ளையைப் பார்த்தாள். அவசரத்தில் அள்ளிக்கொண்டு வந்ததில் சட்டையும் கூடவே வந்திருந்தது. மயக்கத்திலும் அந்தப் பிஞ்சுக் கை காலரை இறுக்கிப் பிடித்திருந்தது.

டாக்டரும் பார்த்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்து, சட்டையை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். பிள்ளை விழித்துக்கொண்டது. பையைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தியது. அந்தக் கத்தலில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

ரத்தப் பரிசோதனையும் டாக்டர் நினைத்ததையே சொன்னது. ரத்தத்தில் இருப்பதை மருந்து கொடுத்து இழுத்துவிடலாம். மூளைக்குப் போனது என்ன செய்திருக்கிறது, பேச்சு திரும்புமா, எவ்வளவு திரும்பும், இப்போது யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. பொய்யாக ஒரு தைரியம் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது.

"நான்தானேக்கா குடுத்தேன்" என்றாள் அம்மாக்காரி, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. "தினமும் மடிச்சுக் குடுத்தேன். தூசி உள் பக்கமா இருக்கட்டும், பாக்கிறவங்க அசிங்கம்னு சொல்லிடக்கூடாதுன்னு மடிச்சேன்."

உனக்கெப்படித் தெரியும் என்றேன். எனக்கே அது காதில் ஏறவில்லை.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து தொடர்ந்தது, இழுப்பு நின்றது, முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பேச்சு வரவில்லை. அம்மாக்காரி எந்நேரமும் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருந்தாள். தட்டு, சோறு, கை, காக்கா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சொல்லிவிட்டு நிறுத்திக் காத்திருப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

நூலகத் திறப்புக்கு நாள் நெருங்கியது. சுவர் வழியாக அவர்கள் சண்டை எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்டி. நூலகர்கிட்ட சொன்னேன். கலரம்மாவுக்கும் போன் பண்ணேன். அந்தம்மா பதறிப்போயிட்டாங்க. மரத்தைச் சுரண்டி டெஸ்டுக்கு அனுப்பிருக்காங்களாம். முடிவு வரட்டும்ங்கிறாங்க."

"முடிவு வர்ற வரைக்கும்?"

"நூலகர் சொல்றாரு, அழைப்பெல்லாம் குடுத்தாச்சு, ஒரு நாள்தானே, திறந்துட்டு மறுநாளே அந்த ரூமை மூடிடலாம்னு. தேய்க்கிறவங்களுக்குத்தான் ஆபத்து, பாக்கிறவங்களுக்கு என்னன்னு கேக்கிறாரு."

"பசங்க பாத்துட்டு மட்டும் போவாங்களா? நக்கும்ங்க. அதுக்குன்னுதானே மெழுகு தேய்ச்சு வழவழன்னு விட்டிருக்கேன்!"

"நான் என்னடி பண்ணட்டும்? நான் போய்க் கதவுல நின்னு கத்தினா, பெயிண்டரே பிள்ளைக்கு விஷம் வெச்சான்னு ஊர் பேசும். அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்? வாழ்க்கையில என் பேர் சொல்ற மாதிரி நான் செஞ்ச ஒரே வேலைடி அது."

"உங்க பேரைச் சொல்ல வீட்ல ஒருத்தி இருந்தா. அவ வாய் அடைஞ்சு போச்சு."

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

திறப்பு அன்று வானம் வெளுத்திருந்தது. கடைசி மெத்தை உறையைக் கொடுக்கிற சாக்கில் நானும் போனேன். கூட்டம் என்றால் நல்ல கூட்டம். அந்த நூலகத்துக்குள் அவ்வளவு ஜனத்தை நான் பார்த்ததே இல்லை. மஞ்சளைப் பார்த்துப் பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடின. கலரம்மா சொன்னது சரிதான், சுவரே கூப்பிட்டது. அவர் ஒரு ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சிவப்புக் கூடத்தைத் தாண்டி, பிள்ளைகள் அறை வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். நிலைக்குக் குறுக்கே, காலை நீட்டி, மடியில் மகளை வைத்துக்கொண்டு.

"உள்ள போகாதீங்க" என்றாள், வந்த பிள்ளைகளைப் பார்த்து. "அலமாரியில விஷம் இருக்கு."

நூலகர் ஓடி வந்து குனிந்தார். "அம்மா, எழுந்திரும்மா. நாளைக்கு மூடிடறேன்னு சொல்லிட்டேன்ல. பெரிய மனுஷங்க எல்லாம் வந்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள்..."

"என்னை மிதிச்சுட்டு வேணா கூட்டிட்டுப் போங்க."

கூட்டம் கூடிவிட்டது. யார் இவள், என்ன வேண்டுமாம் என்றார்கள். கூலித் தகராறாக இருக்கும் என்றது ஒரு குரல். நான் வாயைத் திறப்பதற்குள் ரெண்டு கோட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வருகிறான் என்று நூலகர் வழிவிட்டார். அவன் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"இவ சொல்றது நிசம்" என்றான். "நான்தான் அதைச் சுரண்டினேன். இவதான் தேய்ச்சா. அந்தத் தூசி எங்க பிள்ளை வாயில போயி, பேச்சே போயிடுச்சு."

முன்னால் நல்ல உடுப்பில் நின்ற ஒரு பெண், அம்மாக்காரியின் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் கையில் நாலு வயதுப் பையன், அறைக்குள் போகணும் என்று திமிறிக்கொண்டிருந்தான். "பாக்க நல்லாத்தானே இருக்கா?" என்றாள், பக்கத்தில் நின்றவர்களிடம். எனக்கு அறையலாம் போல இருந்தது. ஆனால் பிள்ளையும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. தலைவாரி, பொட்டு வைத்து, கண்ணை உருட்டி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் குனிந்து சிரித்தாள். "பாப்பா, உன் பேர் என்ன? ஆன்ட்டிகிட்ட சொல்லு."

பிள்ளை அவள் வாயைப் பார்த்தது. உதடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. நான் அம்மாக்காரியைப் பார்த்தேன். கதவை மறித்துக்கொண்டிருந்தவள் அதை மறந்தே போனாள். பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுடி தங்கம்" என்றாள். "சொல்லு. அம்மா பொய் சொல்றேன்னு ஆகட்டும். எல்லாரும் என்னைத் துப்பட்டும். ஒரே ஒரு தடவை சொல்லிடுடி. எது வேணா சொல்லு."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது, அந்தப் பெண்ணைப் பார்த்தது, மறுபடியும் அம்மாவைப் பார்த்தது. வாய் திறந்தபடி இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் வரவில்லை.

கேட்ட பெண் மெல்ல நிமிர்ந்தாள். தன் பையனின் இரண்டு கைகளையும் பிடித்து, அவன் இன்னும் எதையும் தொட்டிருக்கவே இல்லை என்றாலும், தன் உடுப்பில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள்.